எந்த நீரில் படகேறுவது?

தமிழ்ப்பள்ளிகளும் தமிழ்மொழிக் கழகங்களும் மேற்கொள்ளும் கல்விச் சுற்றுலாக்களில் படகுப் பயணம் இடம்பெறுவது இப்போது வழக்கமாகி வருகிறது. வரவேற்கத்தக்க வழக்கமே. வகுப்பறையின் நான்கு சுவர்களுக்குள் அடைபட்டுக் கிடக்கும் பிள்ளைகள் ஒரு நாளேனும் நீரின்மேல் மிதந்து வானத்தைப் பார்த்துவிட்டு வருவதை எவர் குறை கூறுவார்? குறை கூற வேண்டுவது பயணத்தையன்று. பயணத்திற்குரிய இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையை. அம்முறை அறிவுக்குப் பொருந்தாதது. பிள்ளைகளின் உயிருக்கு ஊறு விளைக்கக்கூடியது. ஏரிகளையும் கழிமுகங்களையும் அழிப்பதற்குத் துணைபோவது. தமிழ் கற்பிப்போர் என்ற வகையில் நமக்கு நாணம் தருவதுமாகும்.

அம்முறைதான் யாது? ஏற்பாட்டுக் குழு கூடுகிறது. முகவர் அனுப்பிய வண்ணத் துண்டறிக்கைகள் மேசைமேல் பரப்பப்படுகின்றன. தலைக்கு எவ்வளவு ஆகும், பேருந்தில் குளிர்சாதனம் உண்டா, மதிய உணவு கோழிப் பிரியாணியா நாசி லெமாக்கா, தங்குமிடத்தில் நீச்சற்குளம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றும் ஆராயப்படுகிறது. இரண்டு மணி நேரம் நீளும் அக்கூட்டத்தில் நீரைப் பற்றி ஒருவரும் ஒரு வினாவும் எழுப்புவதில்லை. அந்நீர் ஆழமானதா, ஆழமற்றதா? அம்மாதத்தில் காற்று எத்திசையினின்று வீசும்? அந்நாளில் ஓதம் ஏறும் நேரம் எது, இறங்கும் நேரம் எது? படகை ஓட்டுபவர் அந்நீரை அறிந்தவரா? பிரியாணிக்குக் கிடைக்கும் ஆராய்ச்சியில் பத்தில் ஒரு பங்கேனும் நீருக்குக் கிடைத்திருந்தால் இக்கட்டுரையை எழுத நேர்ந்திராது.

நம்மிடையே வேரூன்றியிருக்கும் முதற்பிழை, கடல் ஆபத்தானது, ஏரி ஆபத்தற்றது என்னும் எண்ணம். அலையில்லாத நீரைக் கண்டதும் அச்சமும் அகன்றுவிடுகிறது. திரங்கானுவின் கென்யீர் ஏரியை எடுத்துக்கொள்வோம். 1985 இல் கட்டி முடிக்கப்பட்ட அணையினால் உருவானது அது. இயற்கை ஏரியன்று, நீருள் மூழ்கிய மலைக்காடு. ஏரியின் நடுவே காணும் முந்நூற்றுக்கு மேற்பட்ட தீவுகள் யாவும் பழைய குன்றுகளின் உச்சிகளே. குன்றின் உச்சி தீவானால் குன்றின் சரிவு என்னவாயிற்று? நீருக்குள் அப்படியே இருக்கிறது. ஆகவே கரையிலிருந்து சில அடி நகர்ந்தாலே கால் நிலைகொள்ளாத ஆழம். மூழ்கிய காட்டின் மரங்களும் முழுதாக அழிந்துவிடவில்லை. மொட்டை மரங்கள் நீருக்கு மேலும் நீருக்குச் சற்றுக் கீழும் இன்றும் நிற்கின்றன. நீர்மட்டம் உயரும்போது மறைகின்றன, தாழும்போது தலைகாட்டுகின்றன. நேற்று வழியாக இருந்தது இன்று வழியன்று. அவ்வேரியிலேயே வாழ்நாளைக் கழித்த படகோட்டிக்கு இது தெரியும். விரைவுப் படகின் பொறியை முடுக்கத் தெரிந்த அளவிலேயே படகோட்டியாகிவிட்ட இளைஞனுக்குத் தெரியாது. கென்யீருக்குப் போகவேண்டா என்று நான் சொல்லவில்லை. அது எத்தகைய நீர் என்பதை அறிந்து போக வேண்டும் என்கிறேன்.

கரைக்கு அருகில் இருந்தால் ஆபத்தில்லை என்பாரும் உளர். 2010 ஆம் ஆண்டு சனவரி 17 ஆம் நாள் பினாங்கு நகரத்தையொட்டிய கடலில், ஓர் இடைநிலைப் பள்ளியின் டிராகன் படகு நீரோட்டத்தில் இழுபட்டு இழுவைப் படகொன்றில் மோதிக் கவிழ்ந்தது. ஆசிரியர் ஒருவரும் மாணவர் ஐவரும் உயிரிழந்தனர். கரையில் நின்றால் கண்ணுக்கெட்டும் தொலைவு அது. அதற்கு முன்பு, 2007 நவம்பர் 23 அன்று, கம்போடியாவின் தொன்லே சாப் ஆற்றில் சிங்கப்பூர்த் தேசிய டிராகன் படகுக் குழுவின் படகு கவிழ்ந்து, அதிலிருந்த 22 பேரில் ஐவர் மாண்டனர். அவர்கள் துடுப்புப் பிடிக்கத் தெரியாதவர்களா? நாட்டின் சார்பில் போட்டியிடச் சென்ற வீரர்கள். தொன்லே சாப் ஆண்டிற்கு இருமுறை திசை மாறி ஓடும் ஆறு. மழைக்காலத்தில் ஏரிக்குள் ஏறிய நீரெல்லாம் நவம்பரில் வேகமாக வெளியேறிக்கொண்டிருக்கும். அவர்கள் உயிர்காப்பு அங்கி அணிந்திருக்கவில்லை. தேர்ந்த கைகளையே நீர் இவ்வாறு தோற்கடிக்குமானால், நீந்தவும் அறியாத ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் நாம் எத்துணை எண்ணிப் பார்த்தல் வேண்டும்!

அடுத்தது காலம். ஆண்டிறுதி விடுமுறை வந்தால் கிழக்குக் கரையை நோக்கிப் புறப்பட வேண்டும் என்றொரு பித்து நம்மவர்க்கு இருக்கிறது. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலைக் கலக்குகின்ற காலம். பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான் ஆகிய தீவுகளில் பல விடுதிகள் அம்மாதங்களில் கதவடைத்துவிடுகின்றன. கதவடைக்காமல் பாதிக் கட்டணத்திற்கு அழைப்பு விடுக்கும் விடுதி ஏன் பாதிக் கட்டணத்திற்கு அழைக்கிறது என்று எண்ணிப் பாராமல், ‘மலிவாகக் கிடைத்தது’ என்று மகிழ்கிறோம். தமிழில் வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தெற்கிலிருந்து வருவது தென்றல், மேற்கிலிருந்து வருவது கோடை என நான்கு காற்றுக்கும் நான்கு பெயருண்டு. தேர்வில் இதை எழுதாத மாணவன் மதிப்பெண் இழப்பான். டிசம்பரில் குவாந்தானுக்கு அவனைக் கூட்டிச் செல்லும் ஆசிரியருக்கு யார் மதிப்பெண் குறைப்பது?

மேற்குக் கரைக்கும் தனக்கென ஒரு கோபம் உண்டு. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, மலாக்கா நீரிணைக்கு அப்பாலிருந்து ‘சுமத்திரா’ எனப்படும் சூறைக்காற்று வரிசையாகத் திரண்டு வரும். பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலையிலும் வரும். வந்த சிறிது நேரத்தில் அமைதியான நீரை வெறிகொண்ட நீராக மாற்றிவிடும். பிற்பகலிலோ இடி மின்னல். சிங்கப்பூரில் ஆண்டொன்றுக்கு 160 நாளுக்கு மேல் இடி முழங்குகிறது. விரிந்த நீர்ப்பரப்பின் நடுவே நிற்கும் படகில் இருக்கும் மனிதனே அச்சூழலில் உயர்ந்த பொருள் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். காலை பத்து மணிக்குக் கிளம்பி, வழியில் இரண்டு கோயில்களையும் ஒரு கடைத்தொகுதியையும் பார்த்துவிட்டு, மாலை நான்கு மணிக்குப் பிள்ளைகளைப் படகில் ஏற்றும் நிரல் எவ்வகைக் கல்வியைச் சேர்ந்ததோ அறியேன்.

இனி, தமிழாசிரியர்கள் சற்றுச் செவிசாய்த்துக் கேட்க வேண்டிய ஒன்றைச் சொல்கிறேன். நாம் நெய்தல் திணையைக் கற்பிக்கிறோம். கழி, கானல், தாழை, புன்னை, கண்டல், ஓதம் என்று சொற்பொருள் எழுதிப் போடுகிறோம். ‘கண்டல் என்பது கடற்கழியில் வளரும் ஒருவகை மரம்’ என்று கரும்பலகையில் எழுதிய ஆசிரியர் பலர் கண்டல் மரத்தைக் கண்டதில்லை. கண்டும் அதுதான் கண்டலென்று அறிந்ததில்லை. நாம் வாழும் மண்ணோ கண்டற்காடுகளின் மண். பேராக்கின் மாத்தாங் கண்டற்காடு ஏறத்தாழ 40,000 எக்டர் பரப்புடையது. கிள்ளான் முகத்துவாரத்திலும் கோலா சிலாங்கூரிலும் கெடாவின் மெர்போக்கிலும் கழி வளைந்து வளைந்து செல்கிறது, நாரை நிற்கிறது, நண்டு வளை தோண்டுகிறது. பழந்தமிழ்ப் பாட்டில் உள்ள நெய்தல் நிலம் பேருந்தில் இரண்டு மணி நேரத் தொலைவில் உயிரோடிருக்க, அதைத் தாண்டிச் சென்று செயற்கை அலை அடிக்கும் கேளிக்கைப் பூங்காவில் நுழைவுச்சீட்டு வாங்குகிறோம்.

ஓதம் என்னும் சொல்லை மட்டும் எடுத்துக்கொள்வோம். கடல்நீர் ஏறி இறங்குவதற்குத் தமிழ் தந்த பெயர் அது. கிள்ளான் துறையில் உவா நாள்களில், அதாவது முழுநிலவிலும் மறைநிலவிலும், நீர் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் இடையே 4 மீட்டருக்கு மேற்பட்ட வேறுபாடு உண்டாகும். ஒரு மாடி வீட்டின் உயரம்! ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் அத்தனை நீரும் கழிமுகங்களின் வழியே வெளியேறுகிறது. மறு ஆறு மணி நேரத்தில் திரும்பி வருகிறது. காலையில் படகு மிதந்த இடத்தில் நண்பகலில் சேறு கிடக்கும்; சேற்றில் தட்டிய படகு மீண்டும் நீர் வரும்வரை அசையாது. நீர் வடியும் வேகத்தில் துடுப்புப் போடுகிறவன் கடலை நோக்கி இழுக்கப்படுவான். அதே மனிதன் ஓதம் ஏறும் நேரத்தில் கிளம்பினால் கழியின் உட்பகுதிவரை நீரே அவனைச் சுமந்து செல்லும். மீனவன் எவனும் நிலவைப் பாராமல் படகை அவிழ்ப்பதில்லை. ‘ஓதம்’ என்பதற்குப் பொருள் எழுதத் தெரிந்த ஆசிரியர், பயண நாளைக் குறிக்கும்போது ஓத அட்டவணையை ஒருமுறை புரட்டிப் பார்த்தால் என்ன குறைந்துவிடும்? நாட்காட்டியில் அமாவாசையும் பௌர்ணமியும் பார்த்து விரதமிருக்கும் சமுதாயம் இது. விரதத்திற்குப் பார்க்கும் நிலவைப் படகுக்கும் பார்க்கலாகாதா?

பிள்ளைகளின் உயிரைப் பற்றிப் பேசினோம். நீரின் உயிரைப் பற்றியும் பேச வேண்டும். ஏனெனில் நாம் தேர்ந்தெடுக்கும் இடத்திற்கு நம் தேர்வினாலேயே கேடு விளைவதுண்டு. லங்காவியின் கிலிம் ஆற்றுக்கு ஆயிரக்கணக்கானோர் படகில் செல்கின்றனர். விரைவுப் படகு எழுப்பும் அலை கரையை அறுத்து, கண்டல் மரங்களின் வேர்களை வெளிப்படுத்திச் சாய்த்துவிடுகிறது. பருந்துகளைக் கூட்டமாக வரவழைத்துக் காட்டுவதற்காகக் கோழிக் கழிவுகளை நீரில் எறியும் பழக்கமும் அங்கே பரவியது. தானே வேட்டையாடும் பறவையை இரவலனாக்கிப் பிள்ளைகளுக்குக் காட்டி, ‘இயற்கையைப் பாருங்கள்’ என்கிறோம்.

இதனினும் கொடியது பகாங்கின் சினி ஏரிக்கு நேர்ந்தது. மலேசியாவின் இயற்கை நன்னீர் ஏரிகளுள் இரண்டாவது பெரியது அது. தாமரைக்குப் பெயர் பெற்றது. ஜக்குன் பூர்வகுடியினர் காலங்காலமாக வாழும் கரை. மழைக்காலத்தில் பகாங் ஆறு பெருகி ஏரிக்குள் நுழைவதும், வேனிலில் ஏரி சினி ஆற்றின் வழியே வடிவதும் அதன் மூச்சு. வடியும் காலத்தில் சுற்றுலாப் படகுகள் செல்ல முடியவில்லை என்று கருதி, 1990களின் நடுப்பகுதியில் சினி ஆற்றின் குறுக்கே சிறு தடுப்பணை ஒன்றைக் கட்டினார்கள். நீர் தேங்கியது; படகு ஓடியது. கரையோர மரங்கள் இடைவிடாது நீரில் நின்று பட்டுப்போயின. பின்னர்க் காடழிப்பும் செம்பனைத் தோட்டமும் சுரங்கமும் சேர்ந்துகொண்டன, தாமரையும் அருகியது. 2009 இல் யுனெஸ்கோ அதனை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது. ஏற்றதனால் மட்டும் பட்ட மரம் தளிர்த்துவிடவில்லை. படகு ஓட வேண்டும் என்பதற்காக ஏரியின் மூச்சை அடைத்த வரலாறு இது. வந்தவர் எவரும் கொலைகாரர் அல்லர். எல்லாரும் நம்மைப்போல் விடுமுறைக்கு வந்தவர்கள்தாம். ஏரி தன் பருவத்தில் வற்றும் என்றால் அப்பருவத்தில் போகாதிருப்பதுதானே முறை?

இவற்றையெல்லாம் கேட்டுவிட்டு, ‘அப்படியானால் நீர்ப்பக்கமே போகவேண்டா, திடலில் ஓட்டப்பந்தயம் நடத்துவோம்’ என்று சொல்லத் தயாராயிருக்கும் தலைமையாசிரியர்களை நான் அறிவேன். முன்னவர்களிடம் கொண்ட சினத்தினும் மிகுதியான சினம் இவர்களிடம் எனக்கு உண்டு. நீருக்கு அஞ்சி நீரைத் தவிர்த்து வளர்க்கப்படும் பிள்ளைதான், பதினேழு வயதில் நண்பர்களோடு யாருக்கும் சொல்லாமல் அருவிக்கோ ஈயச் சுரங்கக் குட்டைக்கோ சென்று மூழ்குகிறான். அச்சம் நீந்தக் கற்றுத் தராது. நம் பாட்டன்மாரும் முப்பாட்டன்மாரும் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, ரஜூலா முதலிய கலங்களில் நாட்கணக்காகக் கடலைக் கடந்து பினாங்குத் துறையில் இறங்கியவர்கள். அதற்கும் முன்பே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், சிங்கப்பூர் ஆற்றில் கப்பற்சரக்கை ஏற்றி இறக்கிய தொங்கான்களை மிகுதியாக ஓட்டியவர்கள் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியர் என்னும் தமிழ் முசுலிம்கள். பின்னர் அத்தொழில் சீனர் கைக்கு மாறியது. 1983 இல் சரக்குப் படகுகள் அனைத்தும் அவ்வாற்றிலிருந்து அகற்றப்பட்டன. இன்று அதே ஆற்றில் ஓடும் சுற்றுலாப் படகில் நம் பிள்ளைகளை ஏற்றிச் செல்கிறோம். இங்கே தமிழன் துடுப்புப் பிடித்தான் என்ற செய்தியை அவர்களுக்குச் சொல்பவர் எத்தனை பேர்?

ஆகவே போக வேண்டும்; எங்கே போவது என்பதே வினா. சிங்கப்பூரில் உள்ளவர்களுக்கு விடை எளிது. தொடக்க நிலையினர்க்கு மெக்ரிட்சி நீர்த்தேக்கம் போதும். 1868 இல் முடிவுற்ற பழந்தேக்கம் அது, காடு சூழ்ந்தது, கயாக் விடுவோர்க்குப் பயிற்சியும் அங்கேயே கிடைக்கும். 2008 இல் அணை திறக்கப்பட்ட பின் மரினா நீர்த்தேக்கத்திலும் ஓத ஏற்ற இறக்கம் இல்லை. இவ்விரண்டிலும் துடுப்புப் பிடிக்கக் கற்ற பிறகே உபின் தீவின் கழிகளைப் பற்றி நினைக்க வேண்டும். கற்றவரும் அங்கே வழிகாட்டி இன்றிச் செல்லலாகாது. ஏனெனில் அது ஓதமும் கப்பற் போக்குவரத்தும் உள்ள நீரிணை.

மலேசியாவிலோ, ஆரவாரமில்லாத மூன்று இடங்களை நான் முன்வைப்பேன். கோலா சிலாங்கூரின் கம்போங் குவாந்தானில் மின்மினிகளைக் காண்பதற்குச் செல்லும் சம்பான்களை அவ்வூரார் துடுப்பால் செலுத்துகின்றனர். பொறியின் இரைச்சல் இல்லை. கரையை அறுக்கும் அலை இல்லை. பெரம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒரே தாளத்தில் ஒளிர்ந்து அணைவதைப் பிள்ளைகள் வாய் பேசாமல் பார்ப்பார்கள். முப்பது பிள்ளைகளை வாய் பேசாதிருக்கச் செய்யும் வேறோர் உத்தியை எந்தப் பயிற்றுக் கல்லூரியும் எனக்குக் கற்பிக்கவில்லை. அங்கும் நிலவைப் பார்த்தே நாளைக் குறிக்க வேண்டும். முழுநிலவில் மின்மினி எடுபடாது. அடுத்தது பகாங்கின் பெரா ஏரி. 1994 இல் மலேசியாவின் முதல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. செமெலாய் பூர்வகுடியினரின் ஏரி. ஆழம் குறைந்த கருநீரில், ரசாவ் எனும் தாழையினப் புதர்களுக்கிடையே குறுகலான வழிகள். அவ்வழிகளை அறிந்த செமெலாய்ப் படகோட்டியையே அமர்த்திக்கொள்ள வேண்டும். அவருக்குச் சேர வேண்டிய கூலி பட்டணத்து முகவரின் பையில் தங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது மெர்போக். இதனைக் கடைசியில் சொல்வது இதுவே முதலாவது என்பதால். கெடாவில் ஜெராய் மலையின் அடிவாரத்தில் கடலில் கலக்கும் ஆறு. 1,200 மீட்டருக்கு மேல் எழுந்து நிற்கும் அம்மலை, வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிகளுக்குத் தொலைவிலேயே தெரிந்த அடையாளம். பழந்தமிழர் காழகம் என்றும் பின்னர்க் கடாரம் என்றும் குறித்த நிலம் இதுவே என்பர் அறிஞர். பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துத் தெருவில் குவிந்த பொருள்களைச் சொல்லும்போது காழகத்துப் பொருளையும் சேர்த்துச் சொல்கிறது. 1025 ஆம் ஆண்டளவில் முதலாம் இராசேந்திரனின் கடற்படை வந்த கரையும் இது. 1930களில் அகழ்ந்து காணப்பட்ட புக்கிட் பத்து பகாட் கோயிலின் அடித்தளத்தை மெர்போக் அரும்பொருளகத்தின் அருகிலேயே காணலாம். செமெலிங் படகுத்துறையிலிருந்து கண்டற்காட்டின் ஊடே படகு செல்கிறது. கற்கோயிலைக் காலையில் கண்டுவிட்டு அவ்வாற்றில் மிதக்கும் பிள்ளைக்குக் கடாரம் என்பது வரலாற்றுப் பாடத்தில் வரும் வெறும் பெயராக இராது. அதற்கு நீரும் சேறும் மணமும் இருக்கும்.

‘கேட்பதற்கு நன்று, செலவுக்கு யார் பொறுப்பு?’ என்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் வினவுவர். கணக்குப் பார்ப்போம். கேளிக்கைப் பூங்காவின் நுழைவுச்சீட்டை விலக்கினால், எஞ்சும் பணத்தில் நல்ல உயிர்காப்பு அங்கிகளை வாங்கிச் சங்கத்தின் உடைமையாக வைத்துக்கொள்ளலாம். அருகிலுள்ள பள்ளிகளுக்கும் கொடுத்துதவலாம். படகுத்துறைகளில் தரப்படும் அங்கிகள் பெரும்பாலும் பெரியவர்களின் அளவுக்குத் தைக்கப்பட்டவை. பத்து வயதுப் பிள்ளை நீரில் விழுந்தால் அங்கி மேலே மிதக்கும். பிள்ளை அதனுள்ளிருந்து நழுவிக் கீழே போகும். கால்களுக்கிடையே கட்டும் வார் உள்ள சிறுவர் அங்கி வேண்டும். பயணத்திற்கு ஒரு மாதம் முன்னரே ஆசிரியர் ஒருவரேனும் அவ்விடத்திற்கு நேரில் சென்று, அதே படகில், அதே நேரத்தில் ஒருமுறை போய்வர வேண்டும். படகோட்டியிடம் நாற்பது பேருக்குரிய படகில் எத்தனை பேரை ஏற்றுவீர்கள் என்று கேட்க வேண்டும். ‘அறுபது பேர்வரை ஏற்றலாம், ஐயா, பயமில்லை’ என்று அவர் சிரித்தால், முன்பணம் கொடுக்காமல் எழுந்து வந்துவிட வேண்டும்.